பெட்டிக்கு வெளியே கழுத்து

நெருப்பெரிச்சல்
20 ஜனவரி 2025

அன்புள்ள அம்மிணி தரணிக்கு,

அண்ணன் மகுடேஸ்வரன் எழுதுவது. கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை. நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மகன் ரித்தீஷின் ஃபோனிலிருந்து அழைத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். பொங்கலுக்கு முன்பு தாராபுரம் வந்தேன். உன் கொப்பரைக் களத்து கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு காவல்காரர் சின்னான், "அம்மா தொறக்க வேண்டாம்னு சொல்லிப் போட்டாங்க, கோவிச்சுக்காதீங்க" என்றார். அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் அண்ணி, நீ வாய் நிறைய நங்கை என்று கூப்பிடும் ஜெயசுதாவுக்கு நோய் திரும்பிவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, ரேடியேஷன் கரண்ட் வைத்து, நல்லபடியாக எழுந்து நடமாடியவள். இப்போது அதே தழும்பின் மேல் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ஒரு இடத்தில் தோல் விட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் காட்டினோம். ஏற்கனவே கரண்ட் வைத்த இடம், மறுபடி முழு அளவு வைத்தால் தாங்காது, அதனால் குறைவாக வைத்து, வைக்கும் நாட்களில் சிலவற்றில் அந்த இடத்துக்கு மட்டும் சூடு கொடுப்போம் என்கிறார் டாக்டர். சூட்டில் கட்டி வலுவிழந்துவிடுமாம், பிறகு குறைந்த கரண்டுக்கே மடியுமாம். சூடு மட்டும் தனியாக எதுவும் செய்யாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

'சூடு' என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வந்ததும் ஜெயசுதா எழுந்துவிட்டாள். "வேல்குமார் அண்ணனுக்குக் குடுத்த சூடு எனக்கு வேண்டாமுங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். வீட்டில் நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "தரணி வந்து சொல்லட்டும், போறேன். நீங்க சொன்னா போகமாட்டேன்" என்பதுதான் பதில்.

தள்ளிப்போடக் கூடாது என்கிறார்கள். உனக்கு என் மேல் இருக்கும் கோபத்தைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. நங்கையிடம் உனக்குக் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு ஃபோன், ஒரு வார்த்தை போதும்.

உன் அண்ணன்,
மகுடேஸ்வரன்


தாராபுரம்
27 ஜனவரி 2025

மகுடேஸ்வரன் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எழுதுவதென்றால் கடிதமாகவே எழுதுங்கள். ஃபோன் வேண்டாம், நேரில் வர வேண்டாம். உங்கள் குரலுக்கு ஒரு சக்தி இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் செத்தார். காகிதத்தில் உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே பார்த்துவிட்டேன், வேல்குமார் பெயரை நீங்களாக ஒரு இடத்திலும் எழுதவில்லை. நங்கை சொன்னதாக ஒரு முறை எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தப்ப முடியாமல்.

நீங்கள் விட்டதை நான் எழுதுகிறேன். வேல்குமாருக்குத் தொண்டையில் புற்று. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள், கரண்ட் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். பாதி வரை வைத்தார். வாயெல்லாம் புண், கஞ்சி இறங்கவில்லை, குரல் போய்விட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், முடிந்ததும் ஆறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் இளநீர்க் குலையோடு வந்தீர்கள். "கரண்டு ஆளை எரிக்கும் மாப்பிள்ளை. சூடுன்னா அப்படியில்லை. கேன்சர் சூட்டைத் தாங்காது. நான் முப்பது வருசமா சூட்டோட குடும்பம் நடத்தறவன்" என்றீர்கள்.

அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறை ராக்கையாவிடம் சொல்லி எவர்சில்வரில் ஒரு பெட்டி அடித்து வாங்கினீர்கள். உங்கள் பனியன் துணி யூனிட் பாய்லரிலிருந்து அதற்கு நீராவிக் குழாய். உள்ளே ஸ்டூல், மேலே தலை வெளியே நீட்ட ஒரு ஓட்டை. நோய் எங்கே இருந்தது அண்ணா? கழுத்தில். கழுத்து எங்கே இருந்தது? பெட்டிக்கு வெளியே, ஒரு டர்க்கி டவலைச் சுற்றிக்கொண்டு.

உங்கள் ஸ்டென்டர் மிஷினில் துணி சூட்டில் ஓடும்போது ஆபரேட்டர் திரையில் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன சொல்வீர்கள்? "பேனலைப் பாக்காதடா, துணியத் தொட்டுப் பாரு." எத்தனை பேரை அதற்காக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியின் மேல் இருந்த வட்ட மீட்டரை. அது நாற்பத்திரண்டு என்று காட்டியது, உங்களுக்குத் திருப்தி. அவர் தொடை கொப்பளித்தது, கழுத்துக் கட்டி வளர்ந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மனைவிக்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிப்போனீர்கள். என் புருஷனுக்கு மட்டும் எதற்குப் பெட்டி?

நங்கையிடம் நான் பேச மாட்டேன்.

தரணி


நெருப்பெரிச்சல்
3 பிப்ரவரி 2025

அம்மிணிக்கு,

நீ எழுதியதை வாங்கி ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

ஜெயசுதாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதால்தான் மாப்பிள்ளைக்கு அப்படிச் செய்தேன். கரண்ட் வைத்து முடிந்தபோது அவள் மார்புத் தோல் கருகி உரிந்து கிடந்தது. ரவிக்கை போட முடியாமல் என் பழைய பனியனைப் பின்பக்கம் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பனியன் போகிற இடத்தில் என் மனைவிக்குப் போட ஒரு துணி இல்லை. அதைப் பார்த்தவன் நான். வேல்குமார் வாயைத் திறந்து புண்ணைக் காட்டியபோது அதுதான் கண் முன்னால் வந்தது. கெடுக்க வேண்டும் என்று நினைத்து ஒருவன் இளநீர் தூக்கிக்கொண்டு வருவானா?

சூட்டைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். வெளிநாட்டில் சூடு வைத்து வைத்தியம் செய்கிறார்கள், நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் கேன்சர் செல் தாங்காது என்று போட்டிருந்தது. இப்போது கோயம்புத்தூரில் பெரிய டாக்டரே அதைத்தானே சொல்கிறார்? கரண்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும், நோய் இருக்கிற இடத்துக்கு உள்ளே அந்தச் சூடு போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் சூடானால் உடம்பு முழுக்கப் போகும் என்று நினைத்தேன். ஸ்டென்டரில் ஒரு தடவை சூடு கொடுத்து நிறுத்தினால் பிறகு துணி சுருங்குவதே இல்லை, மனுஷ உடம்பும் அப்படி நிலைக்கு வந்துவிடும் என்று நம்பினேன்.

நான் மாப்பிள்ளையைக் கட்டிப்போட்டா உட்கார வைத்தேன்? "மச்சான், ஆஸ்பத்திரிக்கு இனிமே என்னால முடியாது" என்று அவரே சொன்னார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

ஜெயசுதா போன வாரம் அவிநாசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அழைத்தால் எடுப்பதில்லை. மாமியார்தான் பேசுகிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரையும் பார்க்க விரும்பவில்லை, வர வேண்டாம் என்கிறாள் என்றார்.

உனக்கு என்ன வேண்டும், கேள். என்னால் முடிந்தது எதுவானாலும் செய்கிறேன்.

மகுடேஸ்வரன்


தாராபுரம்
9 பிப்ரவரி 2025

மகுடேஸ்வரனுக்கு,

நான் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், இருந்தேன். கூடப்பிறந்தவனை நம்பிக்கொண்டு இருந்தேன். அதை என் மேல் குற்றமாகத் திருப்புகிற மனசு உங்களுக்கு வந்ததே, அதற்குப் பிறகு 'அண்ணன்' என்று எழுத என் கை வரவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நோய் திரும்பிவிட்டது என்று உங்கள் முதல் கடிதத்தில் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நங்கையை நினைத்து வருத்தம், உங்களை நினைத்துச் சந்தோஷம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு மதியம் ரசம் வைத்துச் சுடுசோறு சாப்பிட்டேன். எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஆரம்பத்தில் பெட்டியில் உட்கார்ந்து எழுந்தபோது வேல்குமாருக்கு உடம்பு லேசானது போல் இருந்தது. கரண்ட் நின்றதால் வாய்ப்புண் ஆறி, குரல் கொஞ்சம் திரும்ப ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். அந்தச் சமயம் பார்த்து நீங்கள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து வீடியோ எடுத்தீர்கள். "வலி கொறைஞ்சிருக்குதுங்க. கட்டி எளகுன மாதிரி இருக்குதுங்க. மச்சான் எனக்கு மறு உசுரு குடுத்திருக்கறாரு" என்று சிரிக்கிறார். அந்த வீடியோவை வைத்துக்கொண்டுதான் யூனிட்டுக்குப் பின்னால் இருந்த குடோனை வெப்ப நல மையம் ஆக்கினீர்கள். பெட்டி பெருகியது. அவர் செத்த பிறகும் வீடியோ சாகவில்லை. இன்றைக்கும் அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன கார்த்திகையில் பெருமாநல்லூரிலிருந்து மயிலாள் என்று ஒரு அம்மா என் களத்துக்கு வந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரியை நிறுத்திவிட்டு உங்கள் பெட்டியில் உட்கார வைக்கலாமா என்று யோசனை. பையில் நாலு கொய்யாப்பழம். "வீடியோவுல பேசுன அந்த அய்யன ஒருக்கா நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க. அவர் வாயால கேட்டா ஒரு தெம்பா இருக்குமுங்க" என்றார். கொப்பரை காய்ந்துகொண்டிருந்த களத்தின் நடுவில் நின்றுகொண்டு, அந்த அய்யன் செத்து இரண்டு வருடம் ஆகிறது என்று நான் சொன்னேன். அந்த அம்மா நான் பொய் சொல்வதாக நினைத்தார். வீட்டுக்குள் கூட்டிப்போய் மாலை போட்ட படத்தைக் காட்டினேன்.

அதனால் எனக்கு வேண்டியது இதுதான். அதே பெட்டி முன்னால் நில்லுங்கள். இன்னொரு வீடியோ எடுங்கள். இந்த வீடியோவில் பேசுகிறவர் என் தங்கை வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி வைத்தியத்தைப் பாதியில் நிறுத்த வைத்தது நான், அவர் செத்துவிட்டார், யாரும் இங்கே வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். நடந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, நான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். பழைய வீடியோ போன அத்தனை குரூப்புக்கும் அதை அனுப்புங்கள். பெட்டிகளை உடையுங்கள். அதன் பிறகு நங்கையிடம் பேசுகிறேன்.

தரணி


நெருப்பெரிச்சல்
21 பிப்ரவரி 2025

அம்மிணிக்கு,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். மையத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வீடியோவும் போட்டாயிற்று, உனக்கும் வந்து சேர்ந்திருக்கும். இனி உன் பக்கம் நீ செய்ய வேண்டியதைச் செய்வாய் என்று நம்புகிறேன்.

நீ எழுதிய அதே வார்த்தைகள் அதில் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வக்கீலைப் பார்த்தேன். "எதை வேணும்னாலும் சொல்லுங்க, 'நான்'ங்கற வார்த்தை மட்டும் வரக்கூடாது" என்றார். நான் என்று சொன்னால் கேஸ் ஆகும், பெட்டியில் உட்கார்ந்த ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் வருவார்கள். யூனிட்டில் இருநூறு குடும்பம் பிழைக்கிறது. பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள், மீதி வடக்கிலிருந்து வந்தவர்கள், மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. ரித்தீஷுக்குப் பல்லடத்தில் பெண் பார்த்திருக்கிறோம். நல்ல குடும்பம், மில் வைத்திருக்கிறார்கள், பெண்ணும் படித்தவள். மார்ச் ஒன்பதாம் தேதி நிச்சயம். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பன் ஒரு ஆளைக் கொன்றேன் என்று வீடியோவில் நின்றால் யார் பெண் கொடுப்பார்கள், நீயே சொல். ரித்தீஷ் உன் மடியில் வளர்ந்த பையன்.

ஜெயசுதா இன்னும் அவிநாசியில்தான். புண் கொஞ்சம் பெரிதாகியிருப்பதாக மாமியார் சொன்னார். தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறது. அவர்கள் எப்போதும் அவசரம் என்றுதான் சொல்வார்கள். ஏழு வருடம் சும்மா இருந்த நோய், ஒரு மாதம் பொறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குப் படுகிறது. நிச்சயம் நல்லபடியாக முடியட்டும். பிறகு நீ கேட்ட மாதிரியே பேச முடியுமா என்று யோசிக்கிறேன். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய்.

மகுடேஸ்வரன்


தாராபுரம்
26 பிப்ரவரி 2025

மகுடேஸ்வரனுக்கு,

வீடியோ பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பின்னால் சாமி படம், கை கூப்பிக்கொண்டு, "சில தவிர்க்க முடியாத காரணங்களாலும் இயந்திரப் பராமரிப்புப் பணிகளாலும் நமது மையம் தற்காலிகமாக இயங்காது." நன்றாகப் பேசினீர்கள். மில் திறப்பு விழாவுக்குக் கூப்பிடலாம். அதற்குக் கீழே ஒருவர், சீக்கிரம் திறங்கள் அய்யா, எங்கள் அம்மா காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டிருக்கிறீர்கள்.

பராமரிப்பு என்றால் திரும்பத் திறக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

கேஸ் வரும் என்கிறீர்கள். வரட்டும். இரண்டு வருடமாக நான் கேஸ் போடாமல் இருந்ததற்குக் காரணம் உங்கள் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? கோர்ட்டில் போட்டால் உங்களுக்காக ஒரு வக்கீல் பேசுவார். நீங்கள் பேச வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது நீங்கள் பேசுவது.

ரித்தீஷைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் என் மடியில் வளர்ந்தவன்தான், வேல்குமாரின் தோளிலும் வளர்ந்தவன். மாமனைக் கொன்றது யார் என்று அவனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

'ஒரு மாதம் பொறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.' இதை எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சமாவது தயங்கியதா என்று தெரிந்துகொள்ள ஆசை. எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அழகாக, நேராக எழுதியிருக்கிறீர்கள்.

நான் கேட்டது மாறவில்லை. நீங்கள் பேசும் வரை நங்கையிடம் நான் பேசப் போவதில்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி. அந்த நாட்கள் எல்லாம் உங்கள் கணக்கில்.

தரணி


நெருப்பெரிச்சல்
16 மார்ச் 2025

தரணி,

நீ இப்போது அண்ணன் என்று எழுதுவதில்லை. நானும் உறவு சொல்லிக் கூப்பிடும் யோக்கியதை இல்லாதவனாக எழுதுகிறேன்.

நிச்சயம் முடியும் வரை காத்திருந்தேன். மறைக்கவில்லை. ஜெயசுதா நிச்சயத்துக்கு வரவில்லை. உடம்பு முடியவில்லை, வந்தால் எல்லோரும் துக்கம் விசாரிப்பார்கள் என்று மாமியார் சொன்னார். பெண் வீட்டாரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தாம்பாளத்தை மாற்றிக்கொள்ளும்போது தாய் நிற்க வேண்டிய இடத்தில் என் பக்கத்தில் யாரும் இல்லை. ரித்தீஷ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன், உன் கடிதம் மேஜை மேல் இருந்தது. அந்த நாட்கள் எல்லாம் உங்கள் கணக்கில் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ராக்கையாவை வரச் சொன்னேன். கேஸ் கட்டரோடு வந்தார். முதல் பெட்டியை, வேல்குமார் உட்கார்ந்த பெட்டியை, கடைசியில் வெட்டலாம் என்று ஓரமாக வைத்தோம். அதன் முன்னால் நின்றேன். யூனிட் ஆட்கள் எல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். போகச் சொல்லவில்லை. ரித்தீஷைத்தான் எடுக்கச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஃபோனைப் பிடித்தான்.

நீ பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால், நான் சொன்னது இதுதான். வேல்குமார் என் மாப்பிள்ளை. பிழைத்திருக்க வேண்டியவர். நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்றேன். நோய் கழுத்தில், என் பெட்டியோ கழுத்துக்குக் கீழே. இந்தச் சின்ன விஷயம்கூட எனக்குப் புரியவில்லை. நான் டாக்டர் இல்லை, துணிக்குச் சூடு கொடுக்கிறவன். யாரும் என்னை நம்பாதீர்கள், என்னை நம்பி வைத்தியத்தை நிறுத்தியவர்கள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெட்டி பக்கம் கையைக் காட்டினேன். ராக்கையா கட்டரைப் பற்ற வைத்தார்.

அன்று மாலையே பல்லடத்தில் இருந்து ஃபோன். கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்கிறார்கள். கேட் முன்னால் சில பேர் வந்து கத்தினார்கள், ஒருவர் செருப்பை எறிந்தார். போலீஸ் வந்து குடோனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் வரட்டும் என்று இருந்தேன். நீ ஜெயசுதாவிடம் பேசுவாய், அது ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டு அவளைக் கூட்டிவர அவிநாசிக்குப் போனேன்.

அவள் அங்கே இல்லை.

மாமியார் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "அவ இங்க வந்து ஒரு நா ராத்திரி இருந்தா, அவ்வளவுதானுங்க. அதுக்கப்புறம் எங்க இருக்கறான்னு எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கறா" என்றார். இத்தனை நாள் ஃபோனில் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று சொன்னதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டார்.

தரணி, அவள் எங்கே என்று உனக்குத் தெரியுமா? உயிரோடு இருக்கிறாள் என்றாவது சொல். வைத்தியம் நடக்கிறதா? நான் கேட்பது அவ்வளவுதான். நீ கேட்டதை நான் செய்துவிட்டேன். உன் காலில் விழுகிறேன்.

மகுடேஸ்வரன்


தாராபுரம்
20 மார்ச் 2025

மகுடேஸ்வரனுக்கு,

வீடியோ பார்த்தேன். மயிலாளும் பார்த்திருக்கிறார். மாலை போட்ட படத்தைப் பார்த்த பிறகும் மனசு மாறாமல் வீட்டுக்காரரை உங்கள் பெட்டிக்குக் கூட்டிப்போனவர், இப்போது திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக ஃபோன் செய்தார். அந்த வகையில் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் முதல் கடிதம் என் கைக்கு வந்த மறுநாளே நான் நெருப்பெரிச்சல் வந்தேன். நீங்கள் யூனிட்டில் இருந்தீர்கள். நங்கை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவரிடம் நான் சொன்னேன், "அந்தச் சூடு வேற, இந்தச் சூடு வேற. அது எங்க அண்ணன் அடிச்ச பெட்டி. இது ஆஸ்பத்திரி. வாங்க நங்கை, நான் கூட வர்றேன்." அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவிநாசியில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்கள் சொன்னது சரிதான், ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. 'பேச மாட்டேன்' என்று உங்களுக்கு எழுதியபோது பேசி முடித்துவிட்டுத்தான் எழுதினேன்.

என் சண்டைக்காக நங்கையைச் சாக விடுவேன் என்று நீங்கள் நம்பினீர்கள். ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. நம்பிக்கொண்டே பிப்ரவரி முழுவதும், மார்ச்சில் நிச்சயம் வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள். பேசினால் பெண்டாட்டி பிழைப்பாள், பேசாவிட்டால் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. வக்கீலைப் பார்த்தீர்கள், பல்லடத்துச் சம்பந்தத்தைப் பார்த்தீர்கள், பராமரிப்புப் பணி என்றீர்கள்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் நங்கை படித்தார். நான் காட்டவில்லை, அவரே கேட்டு வாங்கினார். நீங்கள் எப்படியும் அடுத்த கடிதத்தில் ஒத்துக்கொள்வீர்கள் என்று என்னிடம் உங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். "அவர் பிடிவாதக்காரர், மனசு கெட்டவர் இல்லை தரணி" என்பார். பிறகு, ஒரு மாதம் பொறுக்கலாம் என்ற அந்தக் கடிதம் வந்தது. படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்துப் படித்தார். ஆஸ்பத்திரிக்கு வேனில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நிச்சயத்துக்குப் போகப் போவதில்லை என்றும், நெருப்பெரிச்சலுக்கே இனித் திரும்பப் போவதில்லை என்றும் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்து அவர் இந்த முடிவுக்கு வரவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

வைத்தியம் நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்து முடிந்துவிட்டது. மார்பின் மேல் தண்ணீர்ப் பை வைத்த தட்டையான ஒன்றை வைக்கிறார்கள். தோலில் நூல் மாதிரி மெல்லிய வயர்களை ஒட்டி, அந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுடுகிறதா அம்மா, குத்துகிறதா அம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நங்கை கொஞ்சம் முகம் சுளித்தால்கூடக் குறைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் வீட்டுக்காரரை யாரும் அப்படி ஒரு தடவை கேட்கவில்லை.

கூட்டிப்போய்க் கூட்டிவந்தது ரித்தீஷ். யூனிட் வேலையாக ஸ்பின்னிங் மில்லுக்குப் போயிருக்கிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவன் கோயம்புத்தூரில் இருந்தான். வீடியோ எடுக்கும்போது பேசாமல் நின்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் கேட்காதீர்கள், அவன் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வேல்குமார் கடைசி மாதங்களில் காலையில் கண் விழித்ததும் கழுத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "கொறைஞ்சிருக்குதா தரணி?" என்று கேட்பார். குரல் வராது, வாய் மட்டும் அசையும். நம்பிக்கையைக் குலைத்துவிடாதே என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். அதனால் தினமும் குறைந்திருக்கிறது என்றேன். அவர் என் கண்ணையே பார்ப்பார். நம்பினாரா, இல்லை எனக்காக நம்புவது போல் இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் முதலில் வருகிறது.

நேற்று டாக்டர் நங்கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குறைந்திருக்கிறதா இல்லையா என்று எங்கள் மூன்று பேருக்கும் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. நங்கையும் சொல்ல மாட்டார். நீங்கள் எழுதலாம், கடிதம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம். பதில் மட்டும் வராது. காலையில் எழுந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரணி